பத்திரம் இல்லாத வீடுகள்: ஓசூர் எல்லையில் ஒன்பது விழுக்காட்டின் சுமை யார் தலையில்?

ஓசூர் வட்டாரத்தில் வீட்டு மனையைச் 'சைட்' என்றே சொல்கிறார்கள். முப்பதுக்கு நாற்பது அடி என்னும் அளவைப் போலவே இச்சொல்லும் பெங்களூருவிலிருந்து வந்தது. நிலத்தின் விலையையும் ஏறக்குறைய அந்த நகரமே தீர்மானிக்கிறது. ஆனால், அந்த மனையைச் சட்டப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஆகும் செலவைத் தீர்மானிப்பது தமிழ்நாடு அரசு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக மொத்தம் 9 விழுக்காடு. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகத்தின் அடிப்படை முத்திரைத் தீர்வை 5 விழுக்காடுதான்.

இந்த ஒன்பது விழுக்காட்டைப் பற்றிய விவாதம் இதுவரை கட்டுமான நிறுவனங்களின் குரலிலும் நடுத்தர வர்க்கத்தின் குரலிலும் மட்டுமே நடந்துள்ளது. சேரியிலிருந்து வெளியேறி ஒரு வீடு வாங்க முயலும் தலித் குடும்பத்துக்கு இத்தொகை என்ன செய்கிறது என்பதை யாரும் கேட்டதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டு உரிமை வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்களாக நாங்கள் கண்டறிந்தது இதுதான்: செலவு அதிகம் என்பதால் ஏழைகள் வீடு வாங்காமல் இருந்துவிடுவதில்லை. வாங்குகிறார்கள், ஆனால் பத்திரம் இல்லாமல் வாங்குகிறார்கள். பதிவுக்குக் கட்டாமல் விட்ட தொகையைவிடப் பன்மடங்கு தொகையைப் பின்னாளில் இழக்கிறார்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொன்னால் இது விளங்கும். ஊரையும் பெயரையும் தவிர்க்கிறோம். 2009இல் அக்குடும்பம் உறவினர் ஒருவரிடமிருந்து ரூ.1,40,000க்கு ஓட்டு வீடு ஒன்றை வாங்கியது. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், இரண்டு சாட்சிகள், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக விற்றவரின் கைரேகை. "பதிவுச் செலவுக்குப் பணம் சேர்ந்ததும் ரிஜிஸ்தர் செய்துகொள்ளலாம்" என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டார்கள். பணம் சேரவில்லை. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, ஒப்பந்த வேலை இல்லாத மாதங்கள் என்று ஆண்டுகள் ஓடின. விற்றவர் இறந்துபோனார். அந்தச் சாலையில் மனை விலை பலமடங்கு ஏறிய பின்னர் அவருடைய மகன்கள் வந்து, "அப்பா உங்களை வாடகைக்குத்தான் வைத்திருந்தார்" என்றார்கள். வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் இன்றுவரை விற்றவரின் பெயரிலேயே இருக்கின்றன.

சட்டம் இக்குடும்பத்தை எங்கே நிறுத்துகிறது? நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாக மட்டுமே நிகழ முடியும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. எனவே முழுப் பணம் கொடுத்திருந்தும் சட்டத்தின் பார்வையில் விற்பனை நடக்கவில்லை. ஒப்பந்தத்தின்படி இடத்தை ஒப்படைத்த பின் விற்றவர் வெளியேற்ற முயன்றால், வாங்கியவரைக் காக்கும் 53அ பிரிவு முன்பு எழுத்து மூலமான ஒப்பந்தத்துக்கே பொருந்தியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்த ஒப்பந்தமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குத் தொடுக்கக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். அதற்கு நீதிமன்றக் கட்டணம் ஒப்பந்தத் தொகையில் 3 விழுக்காடு. இக்குடும்பத்தின் வழக்கில் காலவரம்பே முதல் தடையாக நிற்கிறது.

அன்று அவ்வீட்டைப் பதிவு செய்ய ஆகியிருக்கக்கூடிய செலவு சில ஆயிரம் ரூபாய். அதைச் செலவிட முடியாததால் இன்று முழு வீடும் கேள்விக்குள்ளாகியுள்ளது. இதை அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அவர்கள் அறியாதவர்கள் அல்லர். பத்திரம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கையில் பணம்தான் இல்லை.

ஒன்பது விழுக்காட்டுக்குள் அடங்காத செலவுகள்

பாகலூர் சாலையிலோ கெலமங்கலம் சாலையிலோ ஒரு சிற்றூரில் ரூ.12 லட்சம் மதிப்புள்ள சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். விற்பனை விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன் மீதே தீர்வை கணக்கிடப்படும். விலை குறைவாகக் காட்டப்பட்டதாகச் சார்பதிவாளர் கருதினால், முத்திரைச் சட்டத்தின் 47அ பிரிவின்கீழ் ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பப்படும். அது முடியும்வரை ஆவணம் கைக்கு வருவது இழுத்தடிக்கும். ரூ.12 லட்சத்துக்கு 9 விழுக்காடு என்பது ரூ.1,08,000. வேறு உடன்பாடு இல்லாதபோது இதைச் செலுத்த வேண்டியவர் வாங்குபவரே என்று முத்திரைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது.

இத்தொகையை வங்கிக் கடனில் சேர்க்க முடியாது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் உத்தரவிட்டது. 2015இல் ரூ.10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் தளர்வு அளித்தது. வங்கி அதிகபட்சமாக 90 விழுக்காடு கடன் தந்தாலும் மீதி ரூ.1,20,000 கைப்பணமாக வேண்டும். தீர்வையையும் கட்டணத்தையும் சேர்த்தால் ரூ.2,28,000. சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை செய்பவருக்கு இது பல ஆண்டுச் சேமிப்பு. அந்தச் சேமிப்பும் இல்லாதபோது நுண்கடன் நிறுவனத்திடமோ வட்டிக்கு விடுபவரிடமோ போகிறார். அந்த வட்டியும் வீட்டின் சட்டச் செலவில் சேரும்.

இதற்கு முன்னும் பின்னும் வேறு செலவுகள் உண்டு. வில்லங்கச் சான்றுக்கு ஆகும் தொகை சிறியது. ஆனால் மூலப் பத்திரங்களின் தொடர்ச்சியைப் பார்த்துச் சட்டக் கருத்துரை எழுதும் வழக்கறிஞருக்கும், ஆவண எழுத்தருக்கும், நில அளவைக்கும், உட்பிரிவுக்கும், பட்டா மாறுதலுக்கும் தனித்தனியே செலவாகும். கடன் வாங்கினால் வங்கியின் சட்ட ஆய்வுக் கட்டணமும் மதிப்பீட்டாளர் கட்டணமும் அடமான ஆவணப் பதிவும் சேரும். இவற்றுக்கிடையே எந்த ரசீதிலும் வராத ஒரு தொகையும் கைமாறுகிறது என்பதைப் பதிவு அலுவலக வாசலில் ஒரு நாள் நின்றவர்கள் அறிவார்கள்.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களின் தலித் குடியிருப்புகளில் பலர் வீட்டில் பேசுவது கன்னடம் அல்லது தெலுங்கு. பத்திரத்தின் தமிழோ, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே எளிதில் புரியாத அலுவல் நடை. 'சர்வ சுதந்திர பாத்தியம்' என்ற சொல்லுக்கும் 'அனுபவ பாத்தியம்' என்ற சொல்லுக்கும் இடையேயான வேறுபாட்டில் ஒரு வீட்டின் உரிமையே அடங்கியிருக்கிறது. அதைப் படித்து விளக்கும் ஆள் பெரும்பாலும் விற்பவருடைய தரகராகவே இருக்கிறார்.

மலிவான வழிகளின் விலை

முறையான வழிக்குச் செலவு அதிகமாகும்போது மலிவான வழிகள் உருவாகின்றன. முதலாவது வெள்ளைத்தாள் ஒப்பந்தம். இரண்டாவது 'பவர் பத்திரம்' எனப்படும் பொது அதிகார ஆவணம். அதிகார ஆவணம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டு நடைபெறும் கைமாற்றம் உரிமை மாற்றம் ஆகாது என்று 2011ஆம் ஆண்டு சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. பொதுவாக, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்துபோகும். இருந்தும் முழு விலையையும் கொடுத்துவிட்டுப் பவர் பத்திரத்தை மட்டும் வைத்திருக்கும் தொழிலாளர்கள் இன்றும் எங்களிடம் வந்தபடி இருக்கிறார்கள்.

மூன்றாவது, அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு. விளைநிலத்தைக் கல் நட்டுப் பிரித்து விற்ற இம்மனைகள் விலை குறைவு என்பதாலேயே ஒடுக்கப்பட்ட மக்கள் அவற்றை வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்து, 20.10.2016க்கு முன் உருவான மனைகளை ஒழுங்குபடுத்த வழி செய்தது. அதற்கும் கட்டணம் உண்டு. விற்றவர் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் பெறாமல் மிச்சம் பிடித்த பணத்தை, வாங்கியவர் வரன்முறைக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டாதவருடைய மனையில் கட்டட அனுமதியும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது.

விற்பவராக நிற்கும் தலித்

வாங்குபவரைப் பற்றியே பேசுகிறோம். வீட்டை விற்க முனையும் தலித்தின் நிலை இன்னும் சிக்கலானது.

தலித் குடியிருப்புகளில் பெரும்பகுதி மூன்று வகை நிலங்களில் அமைந்துள்ளது. ஒன்று, கிராம நத்தம். நத்தத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவரே அதன் உரிமையாளர், அது அரசு நிலம் அன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. ஆயினும் நத்தம் நிலவரித் திட்டத்தில் கொடுத்த 'தோராய பட்டா' பல இடங்களில் 'தூய பட்டா'வாக மாறாமலே தேங்கிக் கிடக்கிறது. மூல ஆவணம் எதுவும் இல்லாத அவ்வீட்டை வங்கி ஏற்பதில்லை. கடன் வாங்கக்கூடியவர் அதை வாங்க வரமாட்டார். ரொக்கம் வைத்திருப்பவர் வருவார், விலையை அவரே சொல்வார்.

இரண்டு, அரசு ஒப்படை செய்த வீட்டுமனை. 1978ஆம் ஆண்டின் 31ஆவது தமிழ்நாடு சட்டம் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கென நிலம் கையகப்படுத்த வழி செய்தது. அதன்கீழ் நிலம் எடுத்து, மனைகளாகப் பிரித்து, பட்டா வழங்கினார்கள். பட்டா கையில் இருக்கும். ஆனால் உட்பிரிவு செய்யாததால் கிராமக் கணக்கில் ஏறியிருக்காது. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் பழைய நிலவுடைமையாளரின் பெயரோ துறையின் பெயரோ நிற்கும். முப்பது ஆண்டுகள் குடியிருந்தவர் வீட்டை விற்கவோ மகனுக்கு எழுதிவைக்கவோ செல்லும்போதுதான் தாம் கணக்கில் இல்லை என்பதை அறிகிறார். அதைச் சரிசெய்ய வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலையும் நாட்கள் ஒவ்வொன்றும் கூலி இழந்த நாட்கள்.

மூன்று, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழங்கத் தொடங்கிய இந்நிலங்களை முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்நிபந்தனை எவ்வாறு மீறப்பட்டது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால் நிலைமை வேறு. கர்நாடகம் 1978இலேயே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அளித்த நிலங்களின் கைமாற்றத்தைத் தடைசெய்யத் தனிச் சட்டம் இயற்றியது. நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. உதவி ஆணையரே நிலத்தை மீட்டு உரியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ தரலாம். மீட்பு மனுவுக்குக் காலவரம்பு கூடாது என்று 2023இல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே நிலத்தை மீட்க மனு ஒன்று போதுமானதாகச் சட்டம் வகுத்துள்ளது. இங்கே அத்தகைய தனிச் சட்டம் இல்லாததால் அரசாணைகளையும் நிலையாணைகளையும் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியுள்ளது.

நிபந்தனை நிலங்களைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. கைமாற்றத் தடை தலித் நிலத்தைக் காக்கிறது. அதே தடை, அந்நிலத்தின் சந்தை விலையைக் குறைத்து, அவசரத்துக்கு அடமானம் வைக்கவும் முடியாதபடி செய்கிறது. விளைநிலத்துக்கு நாங்கள் இத்தடையை முழுமையாக ஆதரிக்கிறோம். குடியிருக்கும் வீட்டுக்கு அதே அளவில் பொருந்துமா என்பதை நம் இயக்கங்கள் திறந்த மனத்தோடு விவாதிக்க வேண்டும். நகரத்தில் வேலை கிடைத்துச் செல்லும் பிள்ளைகள் சேரி வீட்டை நியாயமான விலைக்கு விற்று இன்னோர் இடத்தில் வீடு வாங்க முடிய வேண்டும். அதுவும் விடுதலையின் ஒரு பகுதிதான்.

சலுகை யாருக்குக் கிடைத்தது?

அரசு தீர்வையைக் குறைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கே உயர்த்திக் கட்டணத்தை 2 விழுக்காடாக்கியது. பின்னர் 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்குத் தனி விகிதம் வந்தது. ரூ.50 லட்சம் வரையிலான வீட்டுக்குத் தீர்வை 4, கட்டணம் 2, ஆக 6 விழுக்காடு. அதற்கு மேல் ரூ.3 கோடி வரை 7 விழுக்காடு.

2025 ஏப்ரல் முதல், ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. இதை வரவேற்கிறோம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ரூ.50 லட்சத்துக்குப் புதிய அடுக்குமாடி வீடு வாங்குபவர், பொது விகிதத்தோடு ஒப்பிட்டால் ரூ.1,50,000 மிச்சப்படுத்துகிறார். ரூ.10 லட்சத்துக்கு ஓட்டு வீடு வாங்கும் துப்புரவுத் தொழிலாளப் பெண் மிச்சப்படுத்துவது ரூ.10,000. முன்னவர் 6 விழுக்காடும் பின்னவர் 8 விழுக்காடும் செலுத்துகிறார்கள். வீட்டின் விலை ஐந்து மடங்கு குறைந்தபோது தீர்வையின் விகிதம் கூடுகிறது. இதற்குப் பின்னால் சாதி நோக்கம் இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டுமான நிறுவனத்திடம் புதிய அடுக்குமாடி வீடு வாங்குபவர் யார், சேரியை ஒட்டிப் பழைய வீடு வாங்குபவர் யார் என்று பார்த்தால் விளைவு தானே தெரியும்.

பட்டியல் சாதியினருக்குத் தீர்வை விலக்கு என்பது புதிய கோரிக்கையும் அன்று. நிலமற்ற ஆதிதிராவிட மகளிர் விளைநிலம் வாங்க உதவும் தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில், ரூ.5 லட்சம் வரை மானியத்தோடு முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. விவசாயக் கூலிப் பெண் நிலம் வாங்குவதைச் சமூக நீதி என ஏற்ற அரசு, அவருடைய மகள் சிப்காட்டில் வேலை செய்து ஒரு வீடு வாங்குவதை ஏன் அவ்வாறு ஏற்கவில்லை? ஓசூர் போன்ற தொழில் வட்டாரத்தில் தலித்துகளின் அடுத்த தலைமுறை நிலத்தில் இல்லை, ஆலையில் இருக்கிறது. நம் நலத் திட்டங்கள் இன்னும் அதைக் காணவில்லை.

பணம் இருந்தும் கிடைக்காத வீடு

தீர்வையைக் கட்டப் பணம் இருந்தாலும் எல்லா வீதியிலும் வீடு கிடைப்பதில்லை. முன்பணம் பேசும்வரை எல்லாம் சுமுகமாக நடக்கும். ஆதாரும் சான்றிதழ்களும் கைக்கு வந்ததும், "வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை" என்று செய்தி வரும். இதை எதிர்க்கச் சட்டமே இல்லை என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டுவதிலோ வாங்குவதிலோ அதில் குடியிருப்பதிலோ தீண்டாமையின் அடிப்படையில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு கூறுகிறது. மறுத்து மெய்ப்பிப்பது எதிராளியின் பொறுப்பு. 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் தனிக் குற்றங்களாக்கியுள்ளது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு வீடு விற்கக் கூடாது எனப் பத்திரத்திலேயே எழுதிவைத்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்த முடியாது என்று 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1968இல் நியாயமான குடியிருப்புச் சட்டம் வந்தது. அவர்களுக்கு முன்பே, 1955இல், நம்மிடம் எழுத்தில் சட்டம் இருந்தது. அதைப் பயன்படுத்தி ஒரு வீட்டு விற்பனை மறுப்பை வழக்காக்குவது இன்றும் அரிதாகவே நடக்கிறது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

2025 ஏப்ரல் 29 அன்று 'காலனி' என்னும் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தேவையான அறிவிப்பு. பழைய பத்திரங்களின் நான்கெல்லை விவரத்தில் 'சேரிக்கு வடக்கு' என எழுதிய கைகளை நாம் மறக்கவில்லை. சொல்லை நீக்கியதோடு, அச்சொல் குறித்த வீதிகளில் குடியிருப்போருக்குச் செல்லத்தக்க பத்திரமும் கிடைக்க வேண்டும்.

ஏன் இப்போது?

2024 ஜூன் 27 அன்று ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு வந்தது. சூளகிரி, பாகலூர், பேரிகை வட்டாரங்களில் அதன்பின் நிலத்தைப் பற்றிய பேச்சே வேறாகிவிட்டது. சிப்காட் விரிவாக்கத்துக்கு எதிராக 2023இல் உத்தனப்பள்ளி பகுதி விவசாயிகள் நடத்திய போராட்டம், இங்கே நிலம் எடுப்பு என்பது தொலைதூரச் செய்தி அன்று என்பதைக் காட்டியது.

நிலம் எடுக்கும்போது இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது? 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவின்படி, முத்திரைச் சட்டத்தின்கீழான மதிப்பும் முந்தைய மூன்று ஆண்டுகளில் அருகில் பதிவான விற்பனைகளின் சராசரியும் அடிப்படை. அதாவது பதிவான பத்திரமே விலையைப் பேசும். வெள்ளைத்தாளில் நடந்த விற்பனைகள் அக்கணக்கில் வரா. பட்டாவிலும் பத்திரத்திலும் பெயர் இல்லாதவர், தாம் யார் என்பதை மெய்ப்பிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தின் வீடு நாளை ஒரு திட்டத்துக்குள் வந்தால், இழப்பீட்டு அறிவிப்பு இறந்துபோன விற்பனையாளரின் வாரிசுகளுக்குத்தான் செல்லும்.

அரசாணை ஒன்று போதும்

நாங்கள் முன்வைக்கும் முதல் கோரிக்கை: பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் வாங்கும் முதல் வீட்டுக்கோ மனைக்கோ, ரூ.20 லட்சம் மதிப்பு வரை, முத்திரைத் தீர்வையிலிருந்தும் பதிவுக் கட்டணத்திலிருந்தும் முழு விலக்கு வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. குறிப்பிட்ட வகுப்பினருக்கு எழுதிக் கொடுக்கப்படும் ஆவணங்களின் தீர்வையைக் குறைக்கவோ நீக்கவோ முத்திரைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அரசுக்கு வெளிப்படையாக அதிகாரம் தருகிறது. பதிவுக் கட்டண அட்டவணையும் அரசு வகுப்பதே. நன்னிலம் திட்டத்தில் செய்ததை இங்கும் செய்யலாம். இந்த விலக்கால் ஏற்படும் வருவாய்க் குறைவை, 2024இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் செலவாகக் காட்டக் கூடாது. வசூலிக்காமல் விட்ட வரியைச் செலவிட்ட பணம் எனக் கணக்கெழுதும் வழக்கத்தை நாம் நன்கறிவோம்.

தலித் பெயரில் பிறர் வாங்கி ஆதாயம் அடைவார்கள் என்ற எதிர்ப்பு வரும். அதற்காக மீண்டும் ஒரு கைமாற்றத் தடையை விதிக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் பட்டியல் சாதி அல்லாதவருக்கு விற்றால் விலக்களித்த தீர்வையைத் திரும்பச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை போதும். வீடு முடங்காது, மோசடிக்கும் ஆதாயம் இராது.

இரண்டாவது, ஒப்படைப் பட்டாக்கள் அனைத்தையும் கிராமக் கணக்கில் ஏற்றவும் நத்தம் தோராயப் பட்டாக்களைத் தூய பட்டாவாக்கவும், குடியிருப்பு வாரியாக முகாம் நடத்திக் காலக்கெடுவோடு முடிக்க வேண்டும். அலையும் செலவை மக்கள் தலையிலிருந்து இறக்க இதுவே வழி.

மூன்றாவது, எல்லை தாண்டி வந்தவர்கள். பட்டியல் சாதித் தகுதி மாநில அளவில் வரையறுக்கப்பட்டதால், கர்நாடகத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து ஓசூரில் உழைக்கும் தலித் தொழிலாளிக்கு இத்தகைய விலக்கு பொருந்தாது. அவர்களுக்கு வருமான அடிப்படையிலான தனி விகிதம் வகுக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

அரசாணைக்குக் காத்திராமல் பயன்படுத்தக்கூடிய உரிமை ஒன்று உள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்கீழ், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். அச்சட்டம் 'சட்டப் பணி' என்பதை வழக்கு நடத்துவதோடு நிறுத்தவில்லை. எந்தச் சட்டப் பொருள் குறித்தும் ஆலோசனை வழங்குவதும் அதில் அடங்கும். ஆகவே வீடு வாங்கும் முன் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் ஒரு வழக்கறிஞர் ஆராய்ந்து கருத்துரைக்க வேண்டும் எனக் கேட்பது உங்கள் உரிமை. கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் ஓசூரில் வட்டக் குழுவும் நீதிமன்ற வளாகங்களிலேயே உள்ளன. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

வீடு பறிபோன பின் வழக்கு நடத்த மட்டுமே சட்ட உதவி என்னும் பழக்கம் மாற வேண்டும். வழக்கறிஞர்களாகிய நாங்களும் சேரிக்குச் சென்று, முன்பணம் கைமாறும் முன்னரே ஆவணங்களைப் படித்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே வெள்ளைத்தாளிலோ பவர் பத்திரத்திலோ வீடு வாங்கியவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: விற்றவர் உயிரோடு இருக்கும்போதே, கடன்பட்டாவது, கிரயப் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. இருபது ரூபாய்த் தாளை நெகிழி உறையில் வைத்துக்கொண்டு அவர்கள் இப்போது நீதிமன்றத்தின் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்கிறார்கள்.